அட்ஜஸ்ட் என்றால் யார் நகர்வது?

“ஏங் கண்ணு, இதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு நீ என்ன பண்ணப் போற? வேலைக்கு வந்து பத்து நாள் ஆகல. பனியன உள்பக்கம் திருப்பிப் பாக்கறதுக்கே இன்னும் கை வரல. அதுக்குள்ள இங்கிலீசுச் சொல்லுக்கு அர்த்தம் கேக்கறயாக்கும்? போ, போயி நூல் பிசிறு வெட்டு.”

போன வாரம் ஒருத்தியை இப்படித்தான் திட்டி அனுப்பினேன். உங்கள் செக்கிங் செக்‌ஷனுக்குப் புதிதாக வந்தவள்தான். வேலையிலிருந்து நின்று வீட்டில் இருக்கிற என்னைப் பார்க்க ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்திருந்தாள். “சூப்பர்வைசர் ஒரு நாளைக்கு ஏழு தடவ அட்ஜஸ்ட் பண்ணு அட்ஜஸ்ட் பண்ணுங்கறாருங்கம்மா, ஒவ்வொரு தடவையும் வேற என்னமோ பண்ண வேண்டியிருக்குது, அப்பறம் அதுக்கு என்னதான் அர்த்தம்?” என்று கேட்டாள். திட்டி அனுப்பிவிட்டுப் பழத்தைச் சாப்பிட்டேன். நல்ல பழம். பதில் சொல்லாமல் சாப்பிட்டது மட்டும் தொண்டையில் நின்றது. அதனால் அவளுக்கும், அவளோடு அந்த மேசையில் நிற்கிற உங்கள் எல்லாருக்குமாகச் சொல்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படித்தது நாலாம் வகுப்பு. இங்கிலீசு ஆரம்பிப்பதற்குள் நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டேன். இங்கிலீசும் தப்பித்தது, நானும் தப்பித்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீசு எல்லாம் நெருப்பெரிச்சல் என்கிற இந்த ஊரில் நம் கம்பெனி கேட்டுக்கு உள்ளே வந்த பிறகு கற்றது. கட்டிங், செக்கிங், அயனிங், பேக்கிங். இவை ஒரு வேலைக்கு ஒன்றாக வந்த ஒழுங்கான சொற்கள். கட்டிங் என்றால் வெட்டுவார்கள். அயனிங் என்றால் தேய்ப்பார்கள். அட்ஜஸ்ட் மட்டும் அப்படி இல்லை. அது எல்லார் வீட்டுப் பந்தியிலும் உட்கார்ந்து சாப்பிடுகிற சொல்.

காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறோம். மூன்று பேர் உட்காரும் சீட்டில் நாலாவதாக ஒருத்தி இடுப்பை நுழைத்து, “அட்ஜஸ்ட் பண்ணுங்க்கா” என்பாள். நகர்ந்து உட்கார் என்று அர்த்தம். நகர இடமில்லாவிட்டால் மூச்சைப் பிடித்துக்கொள் என்று அர்த்தம். கம்பெனிக்கு வந்தால் சூப்பர்வைசர், “இன்னிக்கு ரெண்டு பேர் லீவு, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க” என்பார். அந்த இரண்டு பேர் வேலையையும் நீயே செய் என்று அர்த்தம். கேன்டீனில் சாம்பாரைக் காட்டி அதையே சொன்னால், உப்பு இல்லை, கேட்காதே என்று அர்த்தம். மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்தால் மெக்கானிக் வந்து திருகாணியை அரைச் சுற்றுத் திருப்பி, “அட்ஜஸ்ட் பண்ணிட்டன்” என்பார். அந்தச் சொல்லின் சொந்த வேலை அது ஒன்றுதான் என்று படித்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மற்றதெல்லாம் நாம் அதற்குக் கொடுத்த ஓவர்டைம்.

என் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போன தரகர், “மாப்பிள்ளை கொஞ்சம் கோவக்காரரு, பொண்ணு அட்ஜஸ்ட் பண்ணிப் போயிரோணும்” என்றார். “பொண்ணும் கோவக்காரிதானுங்க, மாப்பிள்ளைகிட்டயும் அதையே சொல்லிருங்க” என்றேன். சொல்லியிருப்பார் போல. இப்போது இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் நன்றாக அட்ஜஸ்ட் ஆகி, சேர்ந்து என்னிடம் கோபப்படுகிறார்கள்.

நம் பேச்சில் இதற்கெல்லாம் தனித்தனியாகச் சொல் இருக்கிறது. தள்ளி உட்கார், பொறுத்துக்கொள், சமாளி, ஒத்துப் போ, அனுசரித்து நட, கண்டும் காணாமல் இரு, வாயை மூடு. வாயை மூடு என்று யாராவது சொன்னால் நாம் சண்டைக்குப் போவோம். அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க என்றால் சிரித்துக்கொண்டே மூடிக்கொள்கிறோம். அந்தச் சொல்லின் கெட்டிக்காரத்தனம் அதில்தான் இருக்கிறது. எந்தச் சொல்லைச் சொல்லக் கூச்சமோ, அதற்கு மேலே போர்த்திக்கொள்ள அது வசதியான போர்வை.

இதில் எதற்குத் தலையாட்டலாம், எதற்குக் கூடாது என்று எனக்குக் காட்டியவர் கட்டிங் மாஸ்டர். சோமனூர்ப் பக்கம் தறிக்காரக் குடும்பம். அவர் பெயர் கடைசி வரைக்கும் எனக்குத் தெரியாது. மாஸ்டர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். நான் சேர்ந்த புதிதில் ஒரு பனியனின் நீளம் அரை அங்குலம் குறைந்தது. அப்போது இருந்த சூப்பர்வைசர், “அட்ஜஸ்ட் பண்ணிப் போடும்மா” என்றார். பனியன் துணிதானே, இழுத்தால் வரும். மேசைமேல் வைத்து இழுத்துப் பிடித்து டேப் வைத்தேன். அளவு சரியாக வந்தது. எனக்கு ஒரே பெருமை. பின்னால் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார்.

“ஏம்மணி, நீ கட்டையாத்தான இருக்கற?”

“ஆமாங்க மாஸ்டர்.”

“நாலு பேரு தலையவும் காலவும் புடிச்சு இழுத்தா வளந்துருவியா?”

மொத்த செக்‌ஷனும் சிரித்தது. டேப்பை எடுத்துவிட்டு, சிரிப்பு அடங்கிய பிறகு சொன்னார்: “அட்ஜஸ்ட்டுன்னு எவஞ் சொன்னாலும் மொதல்ல ஒண்ணு கேட்டுக்க. நகரப் போறது ஆளா, துணியா? ஆளுன்னா நகந்துக்கலாம். துணின்னா நகரப்படாது.”

கேட்டுக்கொண்டேன். தலையாட்டினேன். பல வருடம் அப்படியே நடந்தும் வந்தேன். பிறகு செக்கிங் இன்சார்ஜாகி எனக்கென்று ஒரு சேர் கிடைத்த பிறகு ஒரு தப்புச் செய்தேன். அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

நான் வேலையிலிருந்து நிற்பதற்கு முந்தின வருடம். மெரூன் கலரில் ஒரு எக்ஸ்போர்ட் ஆர்டர், அரைக்கை பனியன். பாதித் துணிக்கு ஒரு தடவை, மீதித் துணிக்கு ஒரு தடவை என்று இரண்டு தடவையாகச் சாயம் போட்டிருந்தார்கள். இரண்டு தடவை போட்ட சாயம் ஒருநாளும் ஒன்றாக வராது. ட்யூப் லைட்டில் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். வெயிலில் பார்த்தால் மாமியாரும் மருமகளும். அதனால்தான் வெட்டும்போதே உடம்புத் துணிக்கும் கைத் துணிக்கும் ஒரே நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பன்னிரண்டாம் நம்பர் உடம்புக்குப் பன்னிரண்டாம் நம்பர் கை. நம்பர் பார்த்துச் சேர்த்தால் சாயம் மாறாது.

அந்த ஆர்டரில் கை வைத்துத் தைத்தவள் செல்வராணி. தென்காசிப் பக்கத்துக்காரி. புருஷன் இல்லை. பத்தாவது படிக்கிற மகளோடு கம்பெனி கொடுத்த ரூமில் இருந்தாள். வேலை இருக்கிற வரைக்கும்தான் ரூம். மகளுக்கு அடுத்த மாதம் பெரிய பரீட்சை. இரண்டு இட்லிக்கு நடுவில்கூட அந்தப் பிள்ளை புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். செல்வராணி வேகமாகத் தைப்பாள், சுத்தமாகவும் தைப்பாள். ஒரே ஒரு குறை. ஸ்டிக்கரை உரிக்க மறந்துவிடுவாள். தைத்த பனியனுக்குள் அது ஒட்டிக்கொண்டே என் மேசைக்கு வரும். ஒரு நாளில் நாலைந்து முறை அப்படி வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் மெஷினுக்கே போய், மொத்த லைனும் கேட்கும்படி சத்தம் போட்டேன்.

“ஏம்புள்ள, தெச்சதுக்கப்பறம் உரிக்கறதுக்கு ஞாபகம் இல்லீன்னா, தெய்க்கறதுக்கு முன்னாடியே உரிச்சுப் போட்டுத் தெய்யி! இனி ஒண்ணு என்ற மேசைக்கு வந்துச்சு, உன்ற நெத்தியில ஒட்டி உட்ருவன்.”

எல்லாரும் சிரித்தார்கள். நான் கெத்தாகத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். அடுத்த இரண்டு நாள் ஒரு ஸ்டிக்கர்கூட வரவில்லை. திட்டினால்தான் வேலை நடக்கும் என்று சூப்பர்வைசரிடம்கூடச் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள். அன்று நாலு மணிக்குச் சரக்கு வாங்குகிற பையர் ஆபீசிலிருந்து இன்ஸ்பெக்‌ஷன். மறுநாள் காலை கன்டெய்னர். மதியச் சாப்பாடு முடிந்து, தையல் முடிந்த ஒரு பனியனை எடுத்துக்கொண்டு வாசல் படிக்குப் போனேன். சரசக்கா எப்பவும் வெயிலில் ஒரு பீஸ் பார்ப்பாள், அது அவள் அனுபவம் என்று பிற்பாடு கம்பெனியில் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். நம்பாதீர்கள். எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது. அது தெரிந்தால் இன்சார்ஜ் வேலைக்கு வேறு ஆள் பார்த்துவிடுவார்களோ என்று யாரிடமும் சொல்லவில்லை. பிசிறு தெரியாதபோதெல்லாம் வாசலுக்குப் போய்விடுவேன்.

படியில் நின்று பனியனை விரித்தேன். உடம்பு ஒரு மெரூன். கை வேறு மெரூன்.

உள்ளே போய் இன்னொன்று எடுத்து வந்தேன். அது சரியாக இருந்தது. மூன்றாவது எடுத்தேன். வலது கை சரி, இடது கை வேறு. அப்போது நான் செய்தது என்ன தெரியுமா? அந்த மூன்று பனியனையும் மடித்துக் கட்டுக்கு அடியில் வைத்தேன். இன்ஸ்பெக்‌ஷன் ரூமில் ட்யூப் லைட்டுதான், அங்கே தெரியாது என்று மனசு சொன்னது. யாரும் என்னிடம் அட்ஜஸ்ட் பண்ணு என்று சொல்லவில்லை கண்ணு. நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

கைகள் மாறியது எப்படி என்று மட்டும் பார்ப்போம் என்று செல்வராணி மெஷினுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

“யக்கா, இங்கன பாருங்க. நீங்க சொன்னாப்புலயே காலையில வந்ததும் மொத வேலையா எல்லாத்தையும் உரிச்சிருதேன். ரெண்டு நாளா ஒண்ணுகூட விடலைல்லா?”

மெஷின் மேசையின் ஓரத்தில் உரித்த ஸ்டிக்கர்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி. நம்பர் எல்லாம் மேசையில் இருந்தது. துணியில் நம்பர் இல்லை. கட்டுக் கட்டாக முன்கூட்டியே உரித்துப் போட்டு, குவியலிலிருந்து கைக்கு வந்ததை எடுத்துத் தைத்திருக்கிறாள். நான் சொன்னதை ஒரு எழுத்துக்கூடத் தவறாமல் செய்திருக்கிறாள்.

“என்னக்கா, எம் பீஸுல எதும் இருக்கா?”

“இல்ல சாமி. நீ தெய்ச்சது நல்லா இருக்குது” என்றேன். அது பொய்யில்லை. “இனி உரிக்காத. நான் சொல்ற வரைக்கும் ஒண்ணையும் தெய்க்காத.”

அவள் முகம் மாறிவிட்டது. தையலை நிறுத்தச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எந்த டெய்லருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. “யக்கா, மகளுக்குப் பரிச்சைக்கா” என்றாள்.

அதற்கு மேல் மறைக்க மனசு வரவில்லை. ஒளித்த பனியன்களை எடுத்துக்கொண்டு, கட்டிங்கில் மீதித் துணி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு மேனேஜர் ரூமுக்குப் போனேன். சின்ன வயசுப் பையன், நல்ல மாதிரி, அவசரக்காரர். ஒரு பனியனைக் கையில் கொடுத்து வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். பார்த்தார். உள்ளே போய் ட்யூப் லைட்டில் பார்த்தார். மறுபடி வெளியே வந்து பார்த்தார்.

“உள்ள தெரியலியேங்கம்மா?”

“இல்லீங்க, தெரியாதுங்க.”

“அப்பறம் என்னத்துக்குங்க வெளிய கொண்டாந்தீங்க? நாலு மணிக்கு ஆள் வந்துருவாருங்க. நீங்க பாக்காத மாதிரி உட்ருங்க. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கம்மா.”

அவர் கெட்டவர் இல்லை. கன்டெய்னர் அவர் கழுத்தில் உட்கார்ந்திருந்தது. நானும் பத்து நிமிஷத்துக்கு முன்னால் அதையேதான் செய்திருந்தேன். ஆனால் இன்னொருத்தர் வாயிலிருந்து கேட்டபோதுதான் அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று தெரிந்தது. மாஸ்டர் கேட்கச் சொன்ன கேள்வியும் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. இங்கே நகரச் சொல்வது துணியை.

“அது முடியாதுங்க. வாங்கிப் போடறவன் வெயில்லதானுங்களே நடப்பான்.”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “நம்பர் எப்பிடிங்க மாறும்? யாரு ஸ்டிக்கர உரிச்சது?”

“நாந்தானுங்க முன்னாடியே உரிக்கச் சொன்னன்.”

“நீங்க சொன்னதக் கேக்கல. உரிச்சது யாருன்னு கேக்கறனுங்க. இன்னிக்கே ஒருத்தர வெளிய அனுப்பாம நான் மொதலாளிக்குப் பதில் சொல்ல முடியாது.”

“உரிச்ச கையத் தேடாதீங்க. உரிக்கச் சொன்ன வாய் உங்க முன்னாடி நிக்குது. அனுப்பறதுன்னா அதைய அனுப்புங்க.”

நான் தலையைக் குனியவில்லை. தைரியமெல்லாம் இல்லை. குனிந்தால் அழுதுவிடுவேன் என்று பயம்.

“சரி, இப்ப என்ன பண்றதுங்கறீங்க?”

“மணி ரெண்டு. அஞ்சரை வரைக்கும் வெயில் இருக்குது. செக்கிங், பேக்கிங், அந்தத் தையல் லைன், எல்லாரையுங் குடுங்க. மொட்டை மாடியில வெச்சுப் பிரிச்சர்றமுங்க. ஒத்துப்போற பீஸ் நாளைக்குப் போகட்டும். ஒத்துப்போகாததுக்குக் கைய மாத்தித் தெய்க்கலாம். கட்டிங்ல மீதித் துணி இருக்குது, கேட்டுட்டுத்தான் வந்தன்.”

“யார அனுப்பறதுங்கறத அஞ்சரைக்குப் பேசிக்கலாம்” என்று சொல்லிவிட்டு ஆட்களைக் கூப்பிடப் போனார்.

மாடி கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டிரண்டு பேராக உட்கார்ந்தோம். ஒருத்தி பனியனை விரித்துக் கையை மடித்து மார்மேல் வைத்துக் காட்ட வேண்டும். இன்னொருத்தி பார்த்து, ஒத்துப்போனால் வலது பக்கம், இல்லாவிட்டால் இடது பக்கம். இவ்வளவுதான் வேலை. ஆனால் நிழல் இருந்தது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பாய் அகலம். குடம் ஒன்று, டம்ளர் இரண்டு. இருபத்தைந்து பேர்.

அங்கேதான் அந்தச் சொல்லின் மகிமையைப் பார்த்தேன். எங்களில் பாதிப்பேர் இந்த ஊர்க்காரர்கள். கால்வாசி தெற்கத்திக்காரர்கள். மீதி ஒடிசாவிலிருந்து வந்த பெண்கள். நாங்கள் பேசுவது அவர்களுக்குப் புரியாது, அவர்கள் பேசுவது எங்களுக்குப் புரியாது. செல்வராணி பேசுவதே பாதி நேரம் எங்களுக்குப் புரியாது. அட்ஜஸ்ட் மட்டும் எல்லாருக்கும் புரிந்தது. “அட்ஜஸ்ட்டுங்க்கா” என்றால் காலை மடக்கிக்கொள். “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்கக்கா” என்று செல்வராணி கேட்டால், துணியைச் சூரியன் பக்கம் திருப்பு. “தோடா அட்ஜஸ்ட், தீதி” என்று ஒடிசாப் பெண் தனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டு டம்ளரை நீட்டினால், ஒரு மடக்கு எனக்கும் மிச்சம் வை. எல்லாரும் நகர்ந்தார்கள், மடங்கினார்கள், பங்கு போட்டார்கள். ஒருத்திகூட இடது பக்கம் போக வேண்டிய பனியனை வலது பக்கம் போடவில்லை.

செல்வராணி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“புள்ள, அழுது துணிய ஈரம் பண்ணிராத. அப்பறம் அதுக்கு வேற ஒரு டேமேஜ் போடோணும்.”

“எம்மேலதானக்கா வரும்?” என்றாள் மெதுவாக.

“உம்மேல வர்றதுக்கு முன்னாடி என்ற மேல வரோணும். நான் எவ்வளவு அகலம்னு பாத்தயில்ல? என்னையத் தாண்டி வர்றதுக்குள்ள சாயந்தரம் ஆயிரும்.”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். கோயமுத்தூர்க்காரர். மேனேஜர் அவரை ஏசி ரூமில் உட்காரவைத்து இளநீர் கொடுத்துப் பார்த்தார். மாடியில் இருபத்தைந்து பெண்கள் பேசினால் இளநீரில் மனசு நிற்குமா? ஷூவைக் கழற்றிவிட்டு மேலே ஏறி வந்துவிட்டார். கால் சுட்டு, ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே, “என்ன நடக்குது இங்க?” என்றார். பின்னால் மேனேஜர் முகம் வெளுத்து நின்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“நம்பர் மாறிக் கை மாறிப்போச்சுங்க. பிரிச்சுக்கிட்டிருக்கறமுங்க. இது நல்லது, இது மோசம்” என்று இரண்டு பக்கத்தையும் காட்டினேன்.

இடது பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்துப் பார்த்தார். “இத ரூமுக்குள்ளயே வச்சுக் காட்டியிருந்தா நான் பாஸ் பண்ணியிருப்பேன். தெரியுமாம்மா?”

“தெரியுமுங்க. அதுக்குப் பயந்துக்கிட்டுத்தான் மேல வந்தம்.”

அவர் நிழல் பக்கம் போய், “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்கம்மா, கால் வெந்து போச்சு” என்றார். பேக்கிங் பெண்கள் அவருக்குத் தொட்டி ஓரத்தில் இடம் விட்டார்கள். அங்கேயே உட்கார்ந்து வலது பக்கக் குவியலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக உருவி உருவிப் பார்த்தார். ஒன்றுகூட மாறி இல்லை. அதை அனுப்பலாம் என்று கையெழுத்துப் போட்டார். இடது பக்கத்தைக் கை மாற்றித் தைத்து அடுத்த வாரம் தனியாகக் காட்ட வேண்டும், அதையும் இதே மாடியில்தான் பார்ப்பேன் என்று எழுதிக் கொடுத்தார்.

அஞ்சரை ஆயிற்று. வெயிலும் இறங்கியது. செல்வராணி எழுந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேனேஜர் அவள் பக்கம் வந்தார். யார் உரித்தது என்று அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கும். மேசை ஓரத்தில்தான் அத்தனை ஸ்டிக்கரும் ஒட்டியிருந்ததே.

“நாளைக்கு எத்தன மணிக்கு வருவீங்க?”

“எட்டரைக்கு சார்” என்றாள்.

“எட்டுக்கு வந்துருங்க. கை பிரிச்சு மாத்தறது நிறைய இருக்குது. மொதலாளிகிட்ட நான் பேசிக்கறன்.” பிறகு என்னிடம் திரும்பினார். “நீங்க பத்து நாளைக்கு அந்தச் சேர்ல உக்காரக் கூடாதுங்க. எல்லார் மாதிரியும் மேசையில நின்னு பாருங்க.”

“சரிங்க சாமி. அதுல உக்காந்தா எனக்குக் கால் தரையில எட்டறதில்லீங்க” என்றேன்.

அந்தப் பத்து நாளும் நின்றேன். கால் வீங்கியது. முதல் நாளே கண்ணாடி விஷயத்தையும் மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். வேறு ஆள் பார்க்கவில்லை, கண்ணாடி மாற்ற ஒரு மணி நேரம் பர்மிஷன்தான் கொடுத்தார். அப்போதே அவரிடம் ஒன்று கேட்டு வாங்கினேன். ஸ்டிக்கர் உரிக்கிற வேலை இனி டெய்லருக்கு வேண்டாம், தைத்து முடித்து வந்த பிறகு செக்கிங் மேசையில் நாங்களே உரிக்கிறோம் என்றேன். ஒப்புக்கொண்டார். காலையிலிருந்து நகம் தேய நீங்கள் உரித்துக்கொண்டிருக்கிறீர்களே, அது நான் உங்களுக்கு வாங்கிக் கொடுத்த வரம். திட்டுவதாக இருந்தால் மேனேஜரைத் திட்டாதீர்கள். இங்கே வந்து என்னைத் திட்டுங்கள். வரும்போது வாழைப்பழம் கொண்டு வாருங்கள்.

நாளைக்கு உங்களில் ஒருத்தி இன்சார்ஜாகப் போகிறாள். நாலு பேர் சிரிக்கிற மாதிரித் திட்டுவது சுகமாக இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் திட்டு வாங்கினவள் பயத்தில் நீ சொன்னதை அப்படியே செய்வாள், அது தப்பு என்று தெரிந்தாலும் உன்னிடம் வந்து சொல்ல மாட்டாள். அதனால் திட்டின மறுநாள் அவள் மெஷினுக்குப் போய் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். நான் முதல் நாளே போயிருந்தால் இருபத்தைந்து பேர் மாடியில் வெந்திருக்க மாட்டோம்.

அன்று சாயந்தரம் வீட்டுக்கு வந்தபோது என் முகம் கறுத்துப் போயிருந்தது. எங்கள் லைன் வீட்டு வாசலில் நின்றால் கம்பெனி மாடி தெரியும். அக்கம் பக்கத்தார் எல்லாரும் எனக்காகவே காத்திருந்தார்கள்.

“ஏனுங் சரசக்கா, மாடி பூராச் செகப்பாக் கெடந்துச்சே, என்னத்தக் காயப் போட்டீங்க?”

“வரமொளகாய்ங்க. மொதலாளி ஊட்டுக்கு.”

“அட, வெளையாடாதீங்க. உங்களுக்கு வேலை போயிருச்சுன்னு பேசிக்கிட்டாங்களே?”

“போகுதான்னு நானும் பாத்தனுங்க. எட்டிப் பாத்துட்டுத் திரும்பி வந்துருச்சு.”

அடுத்த வீட்டுக்காரி கொஞ்சம் கிட்ட வந்து, குரலைத் தணித்துக்கொண்டாள். “அந்தத் தெக்கத்திப் பொண்ணு பொட்டி கட்டறாளாமா? அந்த ரூம் காலியானா ஒரு வார்த்தை சொல்லுங்க்கா. என்ற தங்கச்சி மக ரூம் தேடிக்கிட்டு இருக்கறா.”

“அந்த ரூம் காலி இல்லீங்க. அவ புள்ள பரீச்சை எழுதி, காலேசு முடிச்சு, கண்ணாலம் கட்டி, பேறுகாலத்துக்கும் அங்கதான் வரும். உங்க தங்கச்சி மகளுக்கு ரொம்ப அவசரம்னா என்ற ஊட்டுக்கு வந்து இருக்கச் சொல்லுங்க. பாதி எடம் தர்றன். நான் பலமா குறட்டை உடுவன்னு மட்டும் இப்பவே சொல்லிருங்க.”